முதுகுப் பக்கம்

டிரம் அடிப்பவனுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்.
பதினேழு ஆண்டு எவால்டின் முதுகைப் பார்த்தவன் நான்.
இடது தோள் வலதைவிட இரண்டு விரற்கடை இறக்கம்,
பேஸ் கிட்டாரின் கனம் அப்படி.
அலமாரிக் கதவை அறுத்துச் செய்த முதல் கிட்டார்.
காந்தச் சுருளுக்கான செம்புக் கம்பியை
ஹோஜூவ் ரயில் நிலையத்துப் பொதுத் தொலைபேசி கொடுத்தது.
கொடுத்தது என்றுதான் சொல்வான்.

புதுத் தந்தி வாங்க எங்களில் எவனுக்கு வக்கு?
பழையதைக் கழற்றி வினிகர் விட்டு வேகவைப்பான்,
ஊர்சுலா உருளைக்கிழங்கு அவிக்கும் அதே பானையில்.
அழுக்கு இறங்கித் தந்தி கணீரென்று பேசும்,
ஒரு வாரம். பிறகு மறுபடி தொண்டை கட்டிக்கொள்ளும்.
பானையை ஒளித்துவைத்துப் பார்த்தாள் ஊர்சுலா.
வாளியில் வேகவைத்தான்.

பாட்டு எழுதியதும் அவன்தான்.
தணிக்கை அலுவலகத்தில் உழைப்பின் மாண்பு பற்றி
மூன்று பத்தி கொடுத்து முத்திரை வாங்குவான்.
மேடையில் ரொமுவால்ட் அலறியது வேறு பாட்டு.
எந்த அதிகாரிக்கு அதில் சொல் பிரிந்தது?
எங்களைக் காப்பாற்றியது மட்டமான ஒலிபெருக்கி.

அப்புறம் அந்த நவம்பர்.
தொழிலாளர் மன்றம், நானூறு பேர்,
நகத்துக்கடியில் கரி போகாத விரல்களால்
கொம்பு காட்டிக்கொண்டு.
மூன்றாம் பாட்டின் நடுவே தரை எங்களைத் தூக்கிப் போட்டது.
விளக்குகள் ஆடின. நான் தொடாத சிம்பல் சிலிர்த்தது.
எவால்டின் வேலை என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.
அவன் உள்ளங்கையால் நான்கு தந்தியையும் அமுக்கினான்.
ஒலி நிற்கவில்லை.
மைக்கைத் தன் பக்கம் இழுத்து
மேடையில் முதல்முறையாக வாய் திறந்தான்:
“நான் இல்லை.”

சங்கு ஊதுமுன்னே முன்வரிசை காலி.

ஆறு பேர் மேலே வரவில்லை.
அதில் ஒருவன் எங்கள் டிக்கெட்டை வாங்கிவிட்டு
ஷிப்டு மாற்ற ஆள் கிடைக்காமல் இறங்கியவன்.
பதினோராம் நாள் அவன் மனைவி எல்ஃப்ரிடா
ஒத்திகை அறைக்கு வந்தாள், கிழியாத டிக்கெட்டோடு.
பணத்தைத் திருப்பிக் கேட்டாள்.
எவால்ட் கொடுத்தான்.
ரசீது வேண்டும் என்றாள். எழுதினான்.

அந்த ரசீதுதான் பாட்டு.
பெற்றுக்கொண்டது நுழைவுச்சீட்டு ஒன்று.
கொடுத்தது இருநூறு ஸ்லோட்டி.
கணக்கு தீர்ந்தது.
ஒரு சொல் கூட்டவில்லை அவன்.
அடியில் ஒரே சுரம், ஆறு நிமிடம்.
எங்கே தப்பு செய்வானோ என்று முதுகையே பார்த்து அடித்தேன்.

டோர்ட்முண்டில் ஒன்பதாயிரம் பேர்
போலிஷ் ஒரு வார்த்தை தெரியாமல்
கணக்கு தீர்ந்தது என்று கத்தினார்கள்.
பிறகு தோல் இருக்கை வைத்த பேருந்து, புதுத் தந்தி,
ரொமுவால்ட்டின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில்.
எவால்ட் கேட்டது ஒன்றே ஒன்று:
அந்தப் பாட்டின் ராயல்டியில் பாதி எல்ஃப்ரிடாவுக்கு.
பணம் போகும். வருடா வருடம் ஜனவரியில்
அவளிடமிருந்து ஓர் உறை வரும்.
உள்ளே ரசீது. வேறு ஒரு வரி இருக்காது.
அவற்றை அவன் கிட்டார் பெட்டியின்
வெல்வெட்டுக்கு அடியில் வைத்திருந்தான்.
தொண்ணூற்றாறில் உறை வரவில்லை.
அந்தக் கோடைப் பயணத்தோடு அவன் நிறுத்திக்கொண்டான்.
ஏன் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள்.
காது என்றான். அதுவும் உண்மைதான்.

சுரங்கங்களை மூடிவிட்டார்கள்.
தரை இப்போது அசைவதில்லை.
ஊர் சுருதி இறங்கிக் கிடக்கிறது என்று புலம்புகிறான்.
போன மாதம் போனேன். கதவு திறந்திருந்தது,
சமையலறையில் வினிகர் நெடி.
அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், இரண்டு தடவை.
பிறகு நினைவு வந்து
காலால் பலகைத் தரையைத் தட்டினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலுக்கு முன் திரும்பிவிட்டான்.
எப்போதும் கொஞ்சம் முந்திவிடுவான், படுபாவி.